நிலம் யாருடையது? வடக்கு ஃபீனிக்ஸில் துப்பாக்கி சுட இடம் தேடிய ஒரு குடும்பம்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குடும்பம் கோயம்புத்தூரைச் சேர்ந்தது. கணவர் என் நண்பர், சிப் தயாரிப்புத் துறையில் பொறியாளர், மனைவி கணக்காளர், மகள் எட்டாம் வகுப்பு. நியூ ஜெர்சியில் பல வருடம் இருந்துவிட்டு வேலை மாற்றத்தால் அரிசோனா மாநிலத்துக்கு, ஃபீனிக்ஸ் நகரின் வடக்கு ஓரத்துக்குக் குடிவந்தார்கள். கணவர் கல்லூரி நாட்களில் என்.சி.சி.யில் சிறிய தோட்டா போடும் .22 ரைபிள் சுட்டுப் பழகியவர். நியூ ஜெர்சியில் கிரீன் கார்டு கிடைத்த பிறகு ஒரு கிளப்பில் சேர்ந்து அந்தப் பழக்கத்தைத் தொடர்ந்தார். அப்பாவைப் பார்த்து மகளுக்கும் ஆசை வந்திருந்தது. ஊர் மாறியதும் அவர்கள் முன் நின்ற கேள்வி, இனி எங்கே போய்ச் சுடுவது என்பதுதான். அவர்கள் அனுமதியோடு இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

அவர்கள் வந்து சேர்ந்த இடம் சாதாரணமாக வளரும் இடமல்ல. ஃபீனிக்ஸ் அடங்கிய மாரிகோபா கவுண்டியின் (நம்ம ஊர் மாவட்டம் போன்றது) மக்கள்தொகை 2010 கணக்கெடுப்பில் 38 லட்சம், 2020-ல் 44 லட்சம். மேற்கே உள்ள பக்கை என்ற ஊர் அதே பத்து வருடத்தில் சுமார் 51,000 பேரிலிருந்து 91,000 பேரைத் தாண்டியது. 2020 மே மாதம் தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டி.எஸ்.எம்.சி. அரிசோனாவில் ஆலை கட்டப்போவதாக அறிவித்தது. அதே வருடக் கடைசியில் வடக்கு ஃபீனிக்ஸில் 1,129 ஏக்கர் நிலத்தை ஏலத்தில் 8.9 கோடி டாலருக்கு வாங்கியது. அதைச் சுற்றிச் சாலை, குடியிருப்பு, கடை என்று வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நேற்று வரை முள்ளும் சாகுவாரோ கள்ளியுமாகக் கிடந்த இடத்தில் இன்று கிரேன் நிற்கிறது.

அலுவலகத்தில் நண்பருக்குக் கிடைத்த முதல் யோசனை எல்லாப் புதியவர்களுக்கும் கிடைப்பதுதான். என்னிடம் வந்து அதை அப்படியே சொன்னார்: “எவ்வளவு காலி இடம் கிடக்குதுங்கண்ணா. கொஞ்ச தூரம் வடக்கால போய் ஒரு மேட்டுக்கு முன்னாடி நின்னு சுட்டுக்கலாம், இங்க எல்லாரும் அப்படித்தான்னு ஆபீஸ்ல சொல்றாங்க.”

அந்த யோசனை ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்திருக்கும். வேகமாக வளரும் ஊரில் அதற்கு ஆயுசு குறைவு. சொன்னவர் கடைசியாக அங்கே போய்ச் சுட்டது எப்போது, அப்போது அந்த நிலம் யாருடையது, இப்போது யாருடையது என்பது அந்த யோசனையில் இருக்காது. எனவே இடத்தைத் தேடாமல் உரிமையாளரைத் தேடினோம். இந்த ஆய்வில் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

அதற்கு முன் ஒரு விஷயம். தமிழ்க் குடும்பங்களில் பலரும் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்திருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் அவருக்கும் ஒரு ஆபத்து உண்டு: துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் அது நாடுகடத்தலுக்குக் காரணமாகலாம். அரிசோனாவில் பெரியவர்கள் துப்பாக்கி வாங்க மாநில உரிமம் தேவையில்லை. நியூ ஜெர்சியில் அடையாள அட்டை வாங்கி, காத்திருந்து பழகியவருக்கு இது பெரிய விடுதலையாகத் தெரியும். வாங்குவது சுலபம் என்பதால் சுடும் இடத்தின் விதியும் தளர்வாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே கடுமை முழுவதும் இடத்தில்தான் இருக்கிறது.

சரி, வரைபடத்துக்கு வருவோம். ஃபீனிக்ஸைச் சுற்றியுள்ள காலி நிலம் பார்ப்பதற்கு ஒரே பாலைவனம். காகிதத்தில் அது குறைந்தது ஐந்து உரிமையாளர்களின் நிலம்: தனியார், நகராட்சியும் கவுண்டியும், மாநில அறக்கட்டளை, கூட்டாட்சி அரசின் நில மேலாண்மை அமைப்பான பி.எல்.எம்., தேசிய வனத்துறை. பழங்குடியினரின் காப்பு நிலங்கள் வேறு. அங்கே அவர்கள் சட்டம், வெளியார் சுடப் போகக் கூடாது. சொத்து மதிப்பைக் கணிக்கும் கவுண்டி அசெஸர் அலுவலகத்தின் இணைய வரைபடத்தில் எந்தத் துண்டு நிலத்தைத் தொட்டாலும் உரிமையாளர் பெயர் வரும், காசு கிடையாது. கைப்பேசியில் ஓடும் வேட்டைக்காரர்களின் வரைபடச் செயலிகள் இதையே நிறம் நிறமாகக் காட்டுகின்றன. நண்பரும் மனைவியும் ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து, அலுவலகத்தில் சொன்ன இடங்களை ஒவ்வொன்றாக இந்த வரைபடத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

பெரும்பாலானவை மாநில அறக்கட்டளை நிலம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அரிசோனா மாநிலமாக உருவானபோது பள்ளிகள் முதலான பொது அமைப்புகளுக்கு வருமானம் வரட்டும் என்று கூட்டாட்சி அரசு ஏராளமான நிலத்தைக் கொடுத்தது. இன்றும் 92 லட்சம் ஏக்கர் அப்படி இருக்கிறது. வேலி கிடையாது. பல இடங்களில் பலகையும் கிடையாது. ஆனால் இது பொது நிலம் அல்ல. குத்தகைக்கு விட்டோ ஏலத்தில் விற்றோ பள்ளிகளுக்குப் பணம் சேர்க்க வேண்டிய சொத்து. அங்கே நடக்க, முகாம் போட உரிமம் வாங்கலாம். அந்த உரிமத்தில் இலக்கு வைத்துச் சுட அனுமதி இல்லை. உரிமம் பெற்ற வேட்டைக்காரர் வேட்டையாடுவது தனி விஷயம். பல வருடங்களாக அங்கே சுட்டதற்கான தடயம், உடைந்த பாட்டில், தோட்டா உறை, ஓட்டையான பழைய வாஷிங் மெஷின் எல்லாம் கிடக்கும். அதைப் பார்க்கும் புதியவர் ‘இது சுடும் இடம்தான்’ என்று முடிவு கட்டிவிடுவார். அந்தக் குப்பை அனுமதிக்குச் சாட்சி அல்ல.

அப்புறம் இந்த நிலம்தான் முதலில் விற்கப்படுவது. மேலே சொன்ன டி.எஸ்.எம்.சி. ஏலம் மாநில அறக்கட்டளை நில ஏலம்தான். நகரம் வளரும் திசையில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு நாள் அப்படிப் போகும்.

அடுத்த சிக்கல் நகர எல்லை. நகரங்கள் வீடு கட்டப்படுவதற்கு வெகு முன்பே பாலைவனத்தைத் தம் எல்லைக்குள் இணைத்துக்கொள்கின்றன. ஃபீனிக்ஸ், பியோரியா, பக்கை மூன்றும் அப்படி வளர்ந்தவையே. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு வீடும் இல்லாத இடத்தில் நின்றாலும் சட்டப்படி நகருக்குள் நின்றுகொண்டிருக்கலாம். 1999-ல் ஃபீனிக்ஸில் வீட்டின் பின்புறம் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த ஷானன் ஸ்மித் என்ற 14 வயதுச் சிறுமி, எங்கிருந்தோ வந்த தோட்டா பட்டு இறந்தாள். அவள் பெற்றோர் போராடியதன் விளைவாக 2000-ல் வந்த சட்டத்தை இன்றும் ஷானன் சட்டம் என்றே சொல்கிறார்கள். நகராட்சி எல்லைக்குள்ளோ எல்லைக்குள் போய் விழும்படியோ கடும் அலட்சியத்துடன் சுடுவது ஆறாம் வகுப்புப் பெருங்குற்றம். முறையாக மேற்பார்வையிடப்படும் சுடுதளம், ஆட்கள் பயன்படுத்தும் எந்தக் கட்டடத்துக்கும் ஒரு மைலுக்கு மேல் தள்ளியுள்ள இடம், தற்காப்பு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த ஒரு மைல் விலக்கு வளரும் ஊரில் ஒவ்வொரு மாதமும் சுருங்குகிறது. போன குளிர்காலத்தில் ஒரு மைலுக்குள் கட்டடமே இல்லாத இடத்தில் இந்தக் குளிர்காலம் ஒரு மாதிரி வீடும் விற்பனை அலுவலகமும் திறந்திருக்கும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் இந்தச் சட்டத்தின் ஓரத்தில் நின்று விளையாடக் கூடாது என்று நண்பரிடம் கண்டிப்பாகவே சொன்னேன்.

மிஞ்சியது கூட்டாட்சி நிலம். அரிசோனாவில் பி.எல்.எம்.மிடம் மட்டும் சுமார் 1 கோடியே 20 லட்சம் ஏக்கர் இருக்கிறது. ஃபீனிக்ஸுக்கு வடகிழக்கே டான்டோ தேசிய வனம், ஏறக்குறைய 29 லட்சம் ஏக்கர். 2019-ல் நிறைவேறிய டிங்கெல் சட்டம், இந்த இரு அமைப்புகளின் நிலமும் தனியாக மூடப்பட்டாலொழிய வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் இலக்குச் சுடுதலுக்கும் திறந்திருக்கும் என்று உறுதி செய்தது. இங்கே சுடுவது உண்மையிலேயே உரிமை. ஆனால் விதிகள் உண்டு. தேசிய வனத்தில் வீடு, கட்டடம், முகாம், ஆட்கள் இருக்கும் இடம் எதற்கும் 150 கஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 137 மீட்டருக்குள், சுடக் கூடாது. சாலைக்கும் நீர்நிலைக்கும் குறுக்கே சுடக் கூடாது. கண்ணாடிப் பாட்டிலை இலக்காக வைக்கக் கூடாது. மரத்தையும் கள்ளியையும் சுடக் கூடாது. சாகுவாரோ மாநிலச் சட்டம் பாதுகாக்கும் தாவரம். 1982-ல் ஒருவர் லேக் பிளெசன்ட் பக்கத்தில் ஒரு சாகுவாரோவைச் சுட்டு, அது அவர் மேலேயே விழுந்து இறந்துபோனார். முழுதாக வளர்ந்த சாகுவாரோ பல டன் எடை இருக்கும். தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்ட பாலைவனப் பகுதிகளின் நிலைமை தனி. டூசான் நகரத்துப் பக்கம் உள்ள அயர்ன்வுட் ஃபாரஸ்டில் இலக்குச் சுடுதலுக்குத் தடை. சொனோரன் டெசர்ட்டில் வழக்கும் திட்டத் திருத்தமுமாகப் பல வருடமாக மாறிக்கொண்டே இருக்கிறது. கிளம்பும் முன் அந்தந்த அலுவலகத்தை அழைத்துக் கேட்டுக்கொள்வதே நல்லது.

நெருப்பு இன்னொரு பெரிய காரணம். 2012 மே மாதம் டான்டோ வனத்தில் ஒரு முகாமில் தீப்பிடிக்கும் வகைத் தோட்டாவைச் சுட்டதில் தொடங்கிய சன்ஃபிளவர் தீ 17,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. 2017-ல் டூசானுக்குத் தெற்கே, பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று அறிவிக்கும் விருந்துக்காக வெடிக்கும் இலக்கு ஒன்றைச் சுட்டார்கள். அந்தத் தீயில் சுமார் 47,000 ஏக்கர் போனது. சுட்டவர் 80 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கட்ட ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. இரும்பு இலக்கில் பட்டுத் தெறிக்கும் சூடான துண்டு காய்ந்த புல்லைப் பற்றவைக்கப் போதும். அதனால் கோடையின் தொடக்கத்தில் தீக் கட்டுப்பாடு அறிவித்தவுடன் டான்டோவில் இலக்குச் சுடுதல் நின்றுவிடும். மழை வந்து கட்டுப்பாடு விலகும் வரை அந்த வழி மூடியதுதான்.

வளர்ச்சியின் அழுத்தத்தைப் பார்த்து பி.எல்.எம். ஒரு நல்ல வேலை செய்தது. ஃபீனிக்ஸைச் சுற்றி ஐந்து இடங்களைத் தேர்ந்து இலவசச் சுடும் இடங்களாக மேம்படுத்தத் திட்டமிட்டது: பால்டி மவுண்டன், சாடில்பேக் மவுண்டன், சர்ச் கேம்ப் சாலை, நாரமோர் சாலை, பாக்ஸ் கேன்யன். தோட்டாவைத் தாங்கும் மண்மேடு, வண்டி நிறுத்த இடம், வரையறுத்த சுடும் திசை என்று அடிப்படை வசதிகளோடு அமைக்கும் திட்டம். மேற்பார்வையாளர் கிடையாது. பக்கத்தில் சுடுபவரோடு பேசி நாமே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். அனுபவமுள்ள இருவர் சேர்ந்து வார நாளில் போனால் அருமையான இடம். எட்டாம் வகுப்புப் பெண்ணை முதன்முதலாகக் கூட்டிப்போகும் இடம் அது இல்லை என்பது என் கருத்து, நண்பரின் மனைவியும் அதையே சொன்னார்.

உள்ளரங்க ரேஞ்சுகள் (கட்டடத்துக்குள் இருக்கும் சுடுதளங்கள்) பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. நகரெங்கும் இருக்கின்றன, ஏசி உண்டு, மணிக்கணக்கில் கட்டணம். ரைபிளோடு 50 மீட்டர், 100 கஜம் பழக நினைப்பவருக்கு அவற்றின் நீளம் போதாது.

கடைசியில் அந்தக் குடும்பம் தேர்ந்தெடுத்தது பென் ஏவரி சுடுதளம். ஐ-17 நெடுஞ்சாலையில் கேர்ஃப்ரீ ஹைவே வெளியேறும் வழிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அவர்கள் வீட்டிலிருந்து சிறிது தூரம்தான். மாநில வனவிலங்கு மீன்வளத் துறை நடத்துகிறது. பரப்பு சுமார் 1,650 ஏக்கர். ரைபிளுக்கும் பிஸ்டலுக்கும் பொதுத் தளம், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் மையம், வில்வித்தைத் தளம், கிளப்புகளின் போட்டித் தளங்கள், முகாம் போட இடம் எல்லாம் ஒரே வளாகத்தில். தினமும் திறந்திருக்காது, நேரம் பார்த்துப் போக வேண்டும்.

இந்த இடம் ஏன் இன்னும் இருக்கிறது என்பதுதான் எனக்கு இந்த ஆய்வில் மிக முக்கியமாகப் பட்டது. 1950களின் பிற்பகுதியில் இது தொடங்கியபோது ஊர் எங்கோ தெற்கே இருந்தது. அரிசோனா ரிபப்ளிக் நாளிதழில் வெளிப்புற வாழ்க்கை பற்றி நெடுங்காலம் எழுதிய பென் ஏவரியின் பெயர்தான் தளத்துக்கு வைத்திருக்கிறார்கள். இன்று நான்கு பக்கமும் குடியிருப்பு நெருங்கிவிட்டது. வழக்கமாக இந்தக் கட்டத்தில் சுடுதளம் தோற்கும்: புதிதாக வீடு வாங்கியவர்கள் சத்தம் என்று புகார் கொடுப்பார்கள், குத்தகை முடியும், நிலத்தின் விலை ஏறியிருக்கும், கதவு மூடும். பென் ஏவரிக்கு அது நடக்காததற்குக் காரணங்கள் உண்டு. நிலம் பெரியது, பின்னால் மலைச்சரிவு. உரிமை தனியாரிடம் இல்லை. மாநிலச் சட்டத்தில் வெளிப்புறச் சுடுதளங்களின் சத்தத்துக்குத் தனி அளவுகோல் இருக்கிறது. அதற்குள் இருக்கும் தளத்தைச் சத்தத்தைக் காரணம் காட்டி மூட வைப்பது எளிதல்ல.

பணமும் ஒரு காரணம். 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம் உற்பத்தியாளரிடம் வரி வசூலித்து மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அதன் ஒரு பங்கு சுடுதளங்களுக்கும் போகலாம். 2019-ல் செய்த திருத்தத்தால் பொதுச் சுடுதளம் அமைக்க ஆகும் செலவில் 90 சதவீதம் வரை இந்த நிதியிலிருந்து எடுக்கலாம். ஆக, கடையில் ஒரு பெட்டி .22 தோட்டா வாங்குபவரின் காசு இந்தத் தளத்துக்கும் வந்து சேர முடியும். வீடுகள் வருவதற்கு முன்னால் யாரோ சிலர் நிலத்தை ஒதுக்கி, சட்டத்தை எழுதி, வரியை ஏற்பாடு செய்து வைத்ததால்தான், நேற்று குடிவந்த கோயம்புத்தூர்க் குடும்பத்துக்கு இன்று இங்கே உட்கார்ந்து சுட ஒரு மேசை கிடைக்கிறது. இதை நான் பெரிய நன்றியோடு பார்க்கிறேன்.

குடும்பத்தின் அனுபவத்துக்கு வருகிறேன். பொதுத் தளத்தில் ரேஞ்ச் ஆபீசர் ஒலிபெருக்கியில் சொல்வதுதான் சட்டம். ‘சீஸ்ஃபயர்’ என்றால் சுடுவதை நிறுத்தி, தோட்டாவை எடுத்து, தோட்டா அமரும் அறையான சேம்பரைத் திறந்து வைத்து, மேசையை விட்டுப் பின்னால் வர வேண்டும். எல்லாரும் இலக்கை மாற்றிவிட்டுத் திரும்பும் வரை யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. என்.சி.சி.யில் ஹவில்தார் கட்டளையில் சுட்ட பழக்கம் நண்பருக்கு இங்கே கைகொடுத்தது. மகள் முதலில் சில முறை வேடிக்கை மட்டும் பார்த்தாள். கண்ணாடி, காதில் அடைப்பான், அதற்கு மேல் காதுமூடி என்று போட்டுவிட்டு உட்கார வைத்தார்கள். பக்கத்து மேசையில் பெரிய ரைபிள் வெடிக்கும் அதிர்ச்சி .22-க்குப் பழகிய காதுக்கே கடினம், குழந்தைக்கு இரட்டைக் காப்பு அவசியம். அப்புறம் ஈயம். தோட்டாவிலிருந்து வரும் ஈயத்தூள் கையிலும் உடையிலும் ஒட்டும். சுட்டு முடித்ததும் சோப்பும் குளிர்ந்த நீரும் போட்டுக் கை கழுவாமல் முறுக்குப் பையைத் திறக்கக் கூடாது என்று அந்த அம்மா ஒரு விதி போட்டிருக்கிறார். சரியான விதி.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் ஃபீனிக்ஸைப் பற்றி எழுத முடியாது. 2023-ல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாள் உச்ச வெப்பம் 110 ஃபாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸ், அல்லது அதற்கு மேல் இருந்தது. கோடையில் காலையில் திறந்தவுடன் போய் ஒன்பது மணிக்குள் திரும்புகிறார்கள். காருக்குள் தோட்டாவை விட்டு வருவதில்லை. அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் உண்மையான பருவம், அப்போது கூட்டமும் அதிகம். வார இறுதியில் மேசைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

மகளுக்கு இன்னொரு வழியும் பார்த்திருக்கிறார்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணி நடத்தும் 4-எச் இளைஞர் அமைப்பில் ஏர் ரைபிள் உட்படச் சுடுதல் பயிற்சி உண்டு. பயிற்சி பெற்ற பெரியவர் கூடவே இருப்பார், செலவும் குறைவு. கிழக்குப் பகுதியில், மேசா நகரத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு யூசரி மலைப் பூங்காவை ஒட்டிய ரியோ சலாடோ கிளப்பும், மேற்கே பக்கை பக்கம் ஜோ ஃபாஸ் தளமும் இருக்கின்றன. ஃபீனிக்ஸும் சுற்று ஊர்களும் அடங்கிய பள்ளத்தாக்கு பரந்தது. எந்த மூலையில் வீடு எடுத்தோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

தீராத விஷயமும் இருக்கிறது. பென் ஏவரியைச் சுற்றி வரப்போகும் வீடுகளின் எண்ணிக்கை இப்போதிருப்பதைவிடப் பல மடங்காகும். சட்டம் காப்பாற்றுகிறது என்றாலும் சட்டத்தை மாற்றுபவர்களும் அந்த வீடுகளில் வாழும் வாக்காளர்கள்தான். 2025 ஜனவரியில் சட்டமான எக்ஸ்ப்ளோர் சட்டம், வனத்துறையும் பி.எல்.எம்.மும் தம் பகுதிகளில் பொதுச் சுடுதளத்துக்கு ஏற்ற இடங்களைக் கண்டறிய வேண்டும் என்று சொல்கிறது. இடம் தேர்வு செய்யும்போது பொதுமக்கள் கருத்து கேட்பார்கள். நண்பர் அந்த அறிவிப்புகளுக்கு மின்னஞ்சலில் பதிவு செய்துவைத்திருக்கிறார், கருத்தும் எழுதப்போகிறார். குடியுரிமை இல்லாதவரும் கருத்து எழுதலாம். தமிழர்கள் இதில் கூச்சப்பட்டு ஒதுங்க வேண்டியதில்லை.

இந்த ஆய்வை அப்படியே எடுத்து வேறு ஊருக்குப் பொருத்த முடியாது. டல்லாஸுக்கோ ஆஸ்டினுக்கோ குடிபோகும் குடும்பத்துக்குப் பி.எல்.எம். வரைபடம் உதவாது. டெக்சஸில் ஏறக்குறைய எல்லா நிலமும் தனியாருடையது, அங்கே தேடல் கட்டணத் தளங்களிலும் கிளப் உறுப்பினர் பட்டியலிலும்தான் தொடங்க வேண்டும். கிளப்பில் சேரும் முன் நிலம் கிளப்புக்குச் சொந்தமா குத்தகையா, குத்தகை என்றால் எந்த வருடம் முடிகிறது, பக்கத்து நிலத்தை யார் வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு உறுப்பினர் கட்டணத்தைக் கட்டுங்கள்.